'சின்சியர்லி'யா, 'சீரியஸ்லி'யா? ஆங்கிலக் கடிதத்தில் எந்தச் சொல் எங்கே

"பையன் சின்சியரா படிக்கான்" என்று பாளையங்கோட்டையில் ஓர் ஆசிரியர் சொன்னால், கண்ணும் கருத்துமாகப் படிக்கிறான் என்று நமக்குப் புரியும். அதையே 'ஹீ ஸ்டடீஸ் சின்சியர்லி' என்று சிபாரிசுக் கடிதத்தில் எழுதி லண்டனுக்கு அனுப்பினால் வாசிப்பவர் குழம்புவார். அவர்கள் வழக்கில் 'சின்சியர்லி' மனதைப் பற்றியது: நடிப்பில்லாமல், உள்ளபடியே. உழைப்பைச் சொல்ல 'டிலிஜென்ட்லி' அல்லது 'கான்ஷியன்ஷஸ்லி' வேண்டும். சாதாரணமாக 'ஹீ ஸ்டடீஸ் ஹார்ட்' என்றாலே போதும். இந்தியாவுக்குள் பழைய பிரயோகம் செல்லும். கடல் தாண்டும் கடிதத்தில் மாற்றிவிடுங்கள்.

எழுதும் முன் ஒன்றை யோசியுங்கள்: இதை வாசிப்பவருக்கு எதில் சந்தேகம் வரும்? உங்கள் மனதிலா, உழைப்பிலா, விஷயத்தின் கனத்திலா, வாக்குறுதியிலா? சந்தேகம் இருக்கும் இடத்தில்தான் சொல் உட்கார வேண்டும். மன்னிப்பும் நன்றியும் வாயளவில் நின்றுவிடுமோ என்று தோன்றும் இடம் என்பதால் அங்கே 'சின்சியர்லி': 'ஐ சின்சியர்லி அப்பாலஜைஸ்', 'வி சின்சியர்லி தேங்க் யூ'. ஆர்வமோ வியப்போ போலியில்லை என்று காட்ட 'ஜென்யுயின்லி': 'ஐ ஆம் ஜென்யுயின்லி இன்ட்ரெஸ்டட் இன் திஸ் போஸ்ட்'. வருத்தத்தின் ஆழத்துக்கு 'டீப்லி': 'வி டீப்லி ரிக்ரெட்', 'ஐ ஆம் டீப்லி சாரி'. இங்கே 'சீரியஸ்லி சாரி' என்று எழுதாதீர்கள், அந்தச் சேர்க்கை காதில் ஒட்டாது.

'சீரியஸ்லி' விஷயத்தின் கனத்தைச் சொல்வது. நம் ஊரில் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. "அப்பா சீரியஸா இருக்காவ, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு" என்று வீட்டில் பேசுவதை அப்படியே 'மை ஃபாதர் இஸ் சீரியஸ்' என்று விடுப்புக் கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். வெளிநாட்டு மேலதிகாரி அதை 'அப்பா சிரிக்காத மனிதர்' என்றோ, 'அப்பா விளையாட்டாகச் சொல்லவில்லை' என்றோதான் எடுத்துக்கொள்வார். அவசரம் போய்ச் சேராது. 'மை ஃபாதர் இஸ் சீரியஸ்லி இல் அண்ட் ஹேஸ் பீன் அட்மிட்டட் டு ஹாஸ்பிட்டல்' என்று எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 'கிரிட்டிகலி இல்'. 'கிரேவ்லி இல்' என்றும் சொல்லலாம், கொஞ்சம் செய்தித்தாள் வாடை அடிக்கும். விபத்துக்கு 'சீரியஸ்லி இஞ்சர்ட்', சேதத்துக்கு 'சீரியஸ்லி டேமேஜ்ட்'. 'ஐ சீரியஸ்லி டவுட்' என்பதில் மட்டும் கவனம்: 'தீவிரமாகச் சந்தேகிக்கிறேன்', அதாவது 'நடக்காது என்றே நினைக்கிறேன்' என்று பொருள்.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். 'வி டேக் யுவர் கம்ப்ளெயின்ட் சீரியஸ்லி' என்பதே சரி, சொல் கடைசியில் வர வேண்டும். 'வி சீரியஸ்லி டேக்' என்று முன்னால் இழுத்தால் வாக்கியம் நொண்டும். 'சின்சியர்லி' அப்படியல்ல, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் நிற்கும்: 'வி சின்சியர்லி ஹோப்'. வாக்கியத்தின் தலையில் 'சீரியஸ்லி' போட்டுக் காற்புள்ளி வைத்தால் அது "நெசமாத்தாம்ல சொல்லுதேன்" என்று நண்பனிடம் பேசும் தொனி, அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. தலையில் வரும் 'ஹானஸ்ட்லி' பெரும்பாலும் எரிச்சலாகக் கேட்கும். 'ஃபிராங்க்லி' வந்தால், அடுத்து ஏதோ கசப்பாக வரப்போகிறது என்று வாசிப்பவர் தயாராகிவிடுவார்.

ஓர் உதாரணம். திருநெல்வேலியிலிருந்து துபாய்க்குப் போன அல்வா பார்சல் மூடி உடைந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. கடையின் பதில்: 'ஹானஸ்ட்லி வி ஆர் வெரி வெரி சின்சியர்லி அண்ட் டீப்லி சாரி. வி வில் சீரியஸ்லி சென்ட் அனதர் பாக்ஸ்.' மனம் நல்ல மனம்தான், ஆனால் ஆறு அழுத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. கடைசி 'சீரியஸ்லி' வாக்குறுதியையே விளையாட்டாக்கிவிட்டது. திருத்தியது: 'வி சின்சியர்லி அப்பாலஜைஸ் ஃபார் த டேமேஜ்ட் பாக்ஸ். வி வில் சென்ட் அ ரீப்ளேஸ்மென்ட் டுமாரோ அட் அவர் ஓன் காஸ்ட்.' மன்னிப்புக்கு ஒரே ஒரு சொல். வாக்குறுதிக்கு எதுவும் இல்லை. 'நாளைக்கே, எங்கள் செலவில்' என்ற விவரம் எந்த வினையடையையும்விட நம்பிக்கை தரும்.

'எர்னஸ்ட்லி' மன்றாடும் சொல்: 'வி எர்னஸ்ட்லி அப்பீல்', 'ஐ எர்னஸ்ட்லி ஹோப்'. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குக் குடிநீருக்காக ஊரே சேர்ந்து ஆங்கிலத்தில் மனு எழுதினால் அதில் ஒருமுறை வரலாம். சம்பளச் சான்றிதழ் கேட்கும் மெயிலில் வந்தால் கெஞ்சுவது போலாகும். அங்கே 'ப்ளீஸ்' போதும். 'இன் எர்னஸ்ட்' வேறு: ஒன்று முழுவீச்சில் தொடங்கிவிட்டது என்று பொருள். 'த குற்றாலம் சீசன் ஹேஸ் பிகன் இன் எர்னஸ்ட்' என்றால் சாரல் மட்டுமில்லை, அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது.

'சாலம்லி' சத்தியத்துக்கு உரியது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பின் முகவுரை 'சாலம்லி ரிசால்வ்ட்' என்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடாதவர்கள் பதவியேற்கும் உறுதிமொழியில் 'சாலம்லி அஃபர்ம்' என்பார்கள். நீதிமன்ற அஃபிடவிட்டிலும் அதுவே வரும். 'ஐ சாலம்லி ப்ராமிஸ் டு கம் ஆன் டைம்' என்று மேலாளருக்கு எழுதினால் மிகையாகிவிடும்.

ஆதரவைச் சொல்ல 'ஹோல்ஹார்ட்டட்லி': 'ஐ ஹோல்ஹார்ட்டட்லி சப்போர்ட்', 'அக்ரீ'. மன்னிப்போடு இது சேராது.

கடிதத்தின் முடிவுக்குப் பிரிட்டிஷ் முறையில் கணக்கு உண்டு. 'டியர் சார்' என்று பெயரில்லாமல் தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. 'டியர் மிஸ்டர்' என்று போட்டுப் பெயர் எழுதினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அமெரிக்காவுக்கு வெறும் 'சின்சியர்லி' போதும். முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, முடிவில் காற்புள்ளி. 'யுவர்ஸ்' என்பதில் 'எஸ்' எழுத்துக்கு முன் மேற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) வைக்கும் பழக்கம் நம் பள்ளிக் கடிதங்களில் இன்னும் இருக்கிறது. அது பிழை, எடுத்துவிடுங்கள்.