வேர்ப்புண் நூற்புழு இருக்கிறதா? தட்டு முறையில் நீங்களே பார்க்கலாம்

கோதுமையோ கொண்டைக்கடலையோ திட்டுத் திட்டாக மஞ்சளடித்து நிற்கிறது, உரம் போட்டும் தேறவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேரில் புழுவால் வரும் முடிச்சு வீக்கம் இல்லை, பழுப்புத் தழும்புகள் மட்டும். அப்படியானால் பிராட்டிலெங்கஸ் என்ற வேர்ப்புண் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளம், நிறமற்ற உடல். மைக்ரோஸ்கோப் இல்லாமல் முடிவுக்கு வர வழியில்லை.

முதலில் மண். திட்டின் நடுவில் எடுக்காதீர்கள். அங்கே வேர் செத்துப்போய், புழுவும் குறைந்திருக்கும். திட்டின் ஓரத்தில், செடி இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில், வேரோடு சேர்த்துத் தோண்டுங்கள். நல்ல செடியின் அடியிலிருந்தும் ஒரு மாதிரி வேண்டும், ஒப்பிட. பையை வெயிலில் வைக்கவே கூடாது; இந்த முறையில் உயிருள்ள புழு மட்டும்தான் மண்ணிலிருந்து நகர்ந்து தட்டுத் தண்ணீருக்குள் வரும்.

அடுத்து தட்டு. அகலமான தட்டுக்குள் சற்றே உயர்த்தி ஒரு வலைக்கூடை, அதன்மேல் டிஷ்யூ பேப்பர், அதன்மேல் 200 கிராம் மண் மெல்லிய படலமாக. வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தனித் தட்டில் வையுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது தண்ணீர் ஊற்றும்போதுதான். மண்மேல் ஊற்றினால் பேப்பர் கிழியும், சேறு இறங்கும், பிறகு எதுவும் தெரியாது. கூடைக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மெதுவாக ஊற்றுங்கள். மண்ணின் அடிப்பகுதியைத் தண்ணீர் தொட்டு, மேல்பகுதி ஈரமாகத் தெரிந்தால் போதும். மண் முழுக்க மூழ்கினால் புழுவுக்கு ஆக்சிஜன் போதாது, நகராமல் கிடந்துவிடும். இதனால்தான் எனக்குப் பேர்மன் புனலைவிட (தண்ணீர் நிரப்பிய புனலில் மண்ணை வைத்துப் புழுவை இறக்கும் இன்னொரு முறை) தட்டு பிடிக்கும்: புனலின் குறுகிய தண்டில் காற்றோட்டமே இல்லை.

மூடி, 48 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அப்புறம் கூடையை எடுத்துவிட்டு, தட்டில் உள்ள தண்ணீரை 20 மைக்ரான் சல்லடையில் வடிகட்டலாம்; புழு சல்லடையில் தங்கும். சல்லடை இல்லையா? உயரமான கண்ணாடிக் குவளையில் சில மணி நேரம் விடுங்கள், புழு அடியில் படியும். மேல் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டியதுதான்.

நெளிவதையெல்லாம் பார்த்துப் பதற வேண்டாம். பாக்டீரியா தின்னும் அப்பாவிப் புழுக்களும் நிறைய வரும். 40 மடங்கில் தேடி, 400 மடங்கில் வாயைப் பாருங்கள். தட்டையான தலை, அதில் குட்டையான தடித்த ஊசி, ஊசியின் அடியில் குமிழ்கள் என்றிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இனத்தை ஆய்வகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிராட்டிலெங்கஸ் தோர்னி கோதுமையிலும் பெருகும், கொண்டைக்கடலையிலும் பெருகும். அதுவாக இருந்தால் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி விதைப்பதில் பயனில்லை.

பின்சேர்க்கை: "மண் காய்ந்திருந்தது, ஒரு புழுவும் வரவில்லை" என்று சிலர் எழுதினார்கள். காய்ந்த மண்ணில் இவை உடல் ஈரத்தை இழந்து உறக்கநிலையில் கிடக்கும். லேசாக நனைத்துச் சில நாள் வைத்த பிறகு தட்டில் போடுங்கள். இன்னொன்று, முட்டைக்கூடு நூற்புழு என்று சொல்லப்படும் ஹெட்டெரோடெராவின் முட்டைக்கூடுகள் நகராது, ஆகவே தட்டில் இறங்காது. அதற்கு மண்ணை உலர்த்தி, தண்ணீரில் கலக்கி, மிதப்பதை வடித்தெடுக்க வேண்டும்.