உழவு கற்பித்த தெய்வம்: கற்பனை மக்களுக்குத் தொன்மக் கதை எழுதும் முறை

கற்பனை உலகத்து மக்களுக்கு உழவுத் தொன்மம் எழுத முனைபவர்கள் பெரும்பாலும் தெய்வத்தின் உருவத்தையும் பெயரையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் பயிர். அம்மக்கள் எதை உண்கிறார்கள், அது எந்த மண்ணில் விளைகிறது, எந்தக் கட்டத்தில் தவறினால் ஊரே பட்டினி கிடக்க நேரும் என்பவற்றை முடிவு செய்துகொண்டால், தெய்வம் எதைக் கற்பித்திருக்க வேண்டும் என்பது தானே தெளிவாகும்.

காட்டுக் கோதுமையில் கதிர் முற்றியதும் மணிகள் தாமாக உதிர்ந்துவிடும். மனிதர் பயிரிட்டு வளர்த்த கோதுமையிலோ அறுவடை வரை கதிரிலேயே நிற்கும். மிக நீண்ட காலத்தில் மெல்ல நிகழ்ந்த இந்த மாற்றத்தைத் தொன்மம் ஒரே இரவில் நடந்ததாகச் சொல்லலாம்: புல்வெளியில் பசித்துத் திரிந்த மக்களைக் கண்டு இரங்கிய தெய்வம், கதிரிடம் குனிந்து, "நான் திரும்பி வந்து பேசும் வரை உதிராதே" என்று சொல்லிப் போகிறது.

அடுத்து, கொடை எவ்வழியில் வந்தது என்பதை முடிவு செய்யுங்கள். கிரேக்கக் கதையில் விளைச்சல் தெய்வமான டிமீட்டர் தானியத்தையும் சிறகு முளைத்த தேரையும் டிரிப்டோலமஸ் என்ற இளைஞனிடம் தந்து உலகெங்கும் விதைக்க அனுப்புகிறாள், இது கற்பித்தல். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் கதையில் கெட்சால்கோட்டல் என்ற தெய்வம் கரிய எறும்பாக உருமாறி, மலைக்குள் மறைந்திருந்த மக்காச்சோளத்தை எடுத்து வருகிறது. இது தேடிக் கொணர்தல். மூன்றாவது வழி தெய்வத்தின் சாவு. ஜப்பானியத் தொன்மத்தில் கொல்லப்பட்ட உணவுத் தெய்வமான ஓகெட்சுஹிமேயின் கண்களிலிருந்து நெல் முளைக்கிறது. இந்தோனேசியாவின் செராம் தீவில், ஹைனுவேலே என்ற பெண்ணின் உடலைத் துண்டுகளாக்கிப் புதைத்த இடங்களில் கிழங்குகள் தோன்றியதாகச் சொல்கிறார்கள். கிழங்கைத் துண்டாக்கிப் புதைத்தே பயிராக்கும் மக்களிடம் இப்படியொரு கதை வழங்குவது மிகப் பொருத்தமானது. நடும் செயலே அங்கே கதையாகிவிடுகிறது. மூன்றில் இதுவே ஆழமானது என்பது என் கருத்து, ஏனெனில் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் ஒரு கடன் இருப்பதை அம்மக்கள் மறக்க முடியாது. ஆயினும் உங்கள் மக்களின் பயிருக்கு அது பொருந்தாவிட்டால், அதை வலிந்து புகுத்த வேண்டாம்.

கொடைக்கு விலை இருக்க வேண்டும். உழவு வந்தவுடன் சேமிப்பும், எல்லைத் தகராறும், திருட்டும், குனிந்து செய்யும் ஓயாத வேலையும் கூடவே வருகின்றன. அலைந்து திரிந்த வாழ்வு போய்விடுகிறது. அந்த இழப்பைக் கதை மறைத்தால் அது வெறும் புகழ்ச்சிப் பாட்டாகிவிடும்.

பிறகு, கதையிலிருந்து இன்றும் கடைப்பிடிக்கப்படும் ஒரு வழக்கத்தை உருவாக்குங்கள். மேற்சொன்ன புல்வெளி மக்கள் அறுவடை நாளில் வாய் திறக்காமல் வயலுக்குள் இறங்குவார்கள்; எவரேனும் பேசினால், தெய்வம் திரும்பிவிட்டதாகக் கருதிக் கதிர்கள் மணிகளை உதிர்த்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தைகள் அன்று மேட்டிலேயே நிறுத்தப்படுவார்கள். இத்தகைய சிறு விவரம், தெய்வத்தின் அணிகலன்களை ஒரு பக்கம் வருணிப்பதைவிட அதிகம் உணர்த்தும்.

இறுதியாக, கதையை இன்னொருவர் வாயாலும் சொல்லிப் பாருங்கள். உழுபவர்கள் கொடை என்று போற்றுவதையே, பக்கத்து மேய்ச்சல்காரர்கள் தங்கள் புல்வெளியைப் பறித்த வஞ்சனை என்று சொல்லக்கூடும். இரண்டில் எது உண்மை என்று நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் அதை நம்புபவரின் குரலில், விளக்கவுரை சேர்க்காமல், ஓர் இரவில் சொல்லி முடிக்கும் அளவுக்குச் சுருக்கமாக எழுதுங்கள்.