கல் உடைவதை அதிவேக கேமராவில் எடுக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

மதுரையில் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டு கிடைப்பது கஷ்டமில்லை. அதன்மேல் இரும்புக் குண்டைப் போட்டு, உடைவதை அதிவேக கேமராவில் எடுக்கலாம். கெடுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே கெட்டுவிடுகிறது.

நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை தனிப் படம், என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு, மோதும்போது நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் வரும். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் 4.4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். விளிம்பு இழுபட்டுத் தெரியும். 1/20,000 வைத்தால் 0.22 மில்லிமீட்டர்தான். ஆனால் வெளிச்சம் இருபது மடங்கு வேண்டும்.

அங்கேதான் அடுத்த கோளாறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். வீடியோவில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் ஏறி இறங்கும். கல்லுக்குப் பதில் பிளாஸ்டிக்கை உடைக்கிறீர்கள் என்றால், ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைத்தாலோ அது சூடாகி இளகிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது வேறு பொருள். மதுரை வெயிலைத் திட்டியே பழகிவிட்டோம். இந்த வேலைக்கு மொட்டைமாடி உச்சிவெயிலைப்போல மினுக்காத விளக்கு மலிவாகக் கிடைக்காது.

விரிசலின் வேகத்தையும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கண்ணாடியில் அது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வரை ஓடும். 10,000 ஃப்ரேமில் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 15 சென்டிமீட்டர் போயிருக்கும். 30 சென்டிமீட்டர் கண்ணாடியில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ படம். ஃப்ரேமைக் கூட்டினால் படத்தின் அளவு சுருங்கும். சில போன்கள் சொல்லும் 960 ஃப்ரேமில் பாதி மென்பொருளே இட்டு நிரப்பியது, அதை நம்பி அளக்கவே வேண்டாம்.

குண்டு விழுவதைப் பார்த்துப் பட்டனை அமுக்கிப் பதிவைத் தொடங்கினால், விஷயம் முடிந்திருக்கும். கேமரா பழையதை அழித்துப் புதியதை எழுதியபடி நினைவகத்தில் சுழன்று பதிந்துகொண்டே இருக்கட்டும்; மோதிய பிறகு நிறுத்துங்கள். சில்லு தெறிக்கும், உங்களுக்கும் கல்லுக்கும் நடுவில் பாலிகார்பனேட் (எளிதில் உடையாத, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தகடு கட்டாயம்.

அளவுகோலைப் பின்சுவரில் ஒட்டுவதும் வழக்கமான தவறு. தூரத்தில் இருப்பதால் அது சிறிதாகத் தெரியும், வேகம் கூடுதலாக வரும். குண்டு விழும் தளத்திலேயே அதை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். ஒரு மீட்டரிலிருந்து சும்மா விட்ட குண்டுக்கு நொடிக்கு 5 மீட்டர் என்று கணக்கு வந்தால், குண்டைச் சந்தேகிக்காதீர்கள், அளவுகோலைப் பாருங்கள்.