கிணற்று மோட்டார் ஓடுகிறது, குழாயில் வேகம் இல்லை: எங்கே பார்க்க வேண்டும்?

பம்பு, பிரஷர் டேங்க் (காற்றின் அழுத்தத்தில் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டி), ஃபில்டர், குழாய் என்ற வரிசையில் எங்கே பிசகினாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: தண்ணீர் மெலிதாக வருகிறது. அதனால் பலர் நேராக மோட்டாரில் கை வைக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். டேங்க் அருகில் உள்ள பிரஷர் கேஜை முதலில் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும்.

படி 1: ஒரு குழாயா, வீடு முழுவதுமா?

ஒரே குழாயில் மட்டும் குறைவு என்றால், அதன் வாயிலுள்ள வலையைக் கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். பெரும்பாலும் உப்புப் படிவுதான் காரணமாக இருக்கும்.

படி 2: கேஜின் ஊசியைக் கவனியுங்கள்

ஒரு குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, மோட்டார் எந்த எண்ணில் ஓடத் தொடங்குகிறது, குழாயை மூடியபின் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30-50 பிஎஸ்ஐ, 40-60 பிஎஸ்ஐ ஆகியவை வழக்கமான அமைப்புகள் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு; முதல் எண்ணில் மோட்டார் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும்).

ஊசி ஒழுங்காக ஏறி இறங்கியும் குழாயில் வேகம் இல்லையென்றால், அடைப்பு கேஜைத் தாண்டித்தான் இருக்கிறது. பாதி மூடிய வால்வு இருக்கிறதா பாருங்கள். அடுத்து ஃபில்டர்: முன்னால் உள்ள வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு மூடியைப் பொருத்தி ஓடவிடுங்கள். வேகம் திரும்பிவிட்டால் புது கார்ட்ரிட்ஜ் போதும்.

மோட்டார் சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால் படி 3-க்கு வாருங்கள். நிற்காமல் ஓடியும் ஊசி ஏறவில்லையென்றால் படி 5.

படி 3: டேங்கின் காற்று

மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். டேங்க் அருகிலுள்ள வடிகால் குழாயைத் திறந்து, கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை விடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: தண்ணீர் இருக்கும்போது அளந்தால் கிடைப்பது தண்ணீரின் அழுத்தமே, டேங்கில் அடைத்த காற்றின் அளவு அல்ல.

வடிந்தபின் காற்று வால்வில் டயர் கேஜை வையுங்கள். மோட்டார் தொடங்கும் எண்ணைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக இருக்க வேண்டும். 30-க்கு 28, 40-க்கு 38. குறைந்திருந்தால் காற்றுப் பம்பால் நிரப்புங்கள். கூடுதலாக அடைத்துவிட்டால், மோட்டார் எழுவதற்குள் குழாயில் தண்ணீர் ஒரு கணம் அறுந்துபோகும். வால்வை அழுத்தும்போது தண்ணீர் பீறிட்டால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. காற்றடித்துப் பயனில்லை, பையையோ டேங்கையோ மாற்றியே ஆக வேண்டும்.

படி 4: பிரஷர் ஸ்விட்ச்

அழுத்தத்தைப் பொறுத்து மோட்டாரை ஓட்டி நிறுத்துவது இந்த ஸ்விட்ச்தான். மற்றவை சரியாக இருந்து, வேகம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் மட்டும் இதைத் தொடுங்கள். மூடிக்குள் மின் இணைப்புகள் திறந்தே இருக்கும். மின்சாரம் நின்றுவிட்டதா என்று டெஸ்டரால் உறுதிசெய்யுங்கள். பெரிய நட்டை வலப்பக்கம் ஒரு சுற்று திருப்பினால், தொடங்கும் எண்ணும் நிற்கும் எண்ணும் ஏறத்தாழ 2 முதல் 3 பிஎஸ்ஐ உயரும். அரைச் சுற்றாகவே போங்கள். சின்ன நட்டை விட்டுவிடுங்கள். நிற்கும் எண்ணைப் பம்பால் எட்ட முடியாத உயரத்தில் வைத்தால், மோட்டார் நிற்காமல் ஓடிக் கருகிவிடும். மாற்றியபின் டேங்கின் காற்றையும் புது எண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்விட்சுக்கு அடியில் உள்ள கால் அங்குலக் குழாய் துருவால் அடைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது ஸ்விட்சுக்கு உண்மையான அழுத்தம் போய்ச் சேராது.

படி 5: பம்பும் கிணறும்

மோட்டார் தானாக நின்றபின் (நிற்காமல் ஓடினால் மெயினில் நிறுத்தியபின்), டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் ஊசியைப் பாருங்கள். இறங்கினால் தண்ணீர் கிணற்றுப் பக்கம் கசிகிறது: செக் வால்வு (தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுப்பது), இல்லையென்றால் கிணற்றிலிருந்து வரும் குழாய்.

தொடக்கத்தில் நன்றாக வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள், வறண்டு ஓடும் பம்பு விரைவில் கெடும். தண்ணீர் பிடித்த வாளியின் அடியில் மணல் தங்கினால், பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் ஓடும்போதுள்ள மின்னழுத்தத்தை எலக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல்லுங்கள்.

நீர்மூழ்கி மோட்டாரை மேலே தூக்குவது மட்டும் தனியாளாகச் செய்யும் வேலை அல்ல. மெக்கானிக்கை அழையுங்கள், குறித்துவைத்த இரண்டு எண்களையும், அரை மணி நேரத்தில் ஊசி எவ்வளவு இறங்கியது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.