பாதியில் நின்ற மயிலும் டீப்பாய் விரிப்பும்

பீரோ அடித்தட்டில் ஏழு வருஷமாக ஒரு மஞ்சள் பை. உள்ளே மேட்டித் துணியில் (கட்டம் கட்டமாக நெய்த எம்பிராய்டரி துணி) கிராஸ் ஸ்டிட்ச்சில் பாதி போட்ட மயில், டீப்பாய்க்கு ஆரம்பித்த குரோஷா (கொக்கி ஊசியால் போடும் நூல் பின்னல்) விரிப்பு. போன மாதம் இரண்டையும் முடித்தேன்.

கிராஸ் ஸ்டிட்ச், அதாவது பெருக்கல் குறி போல் போடும் தையல் என்றால், முதலில் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றுங்கள். அழுக்கோடு இஸ்திரி போடவே போடாதீர்கள், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பிறகு போட்ட கட்டங்களை வரைபடத்தில் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். மயிலின் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினோரு தையலையும் பிரித்தேன். மனசு வலித்தது, ஆனால் பிரிக்காமல் தொடர்ந்திருந்தால் தோகை கோணியிருக்கும். பழைய தையலில் எத்தனை இழை, மேல் தையல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அப்படியே தொடருங்கள்.

குரோஷாவில் சிக்கல் கை இறுக்கம். அது வருஷத்துக்கு வருஷம் மாறும். தனியாக ஒரு துண்டு போட்டு, 10 செ.மீ.க்கு எத்தனை ட்ரெபிள் (குரோஷாவில் உயரமாக வரும் ஒரு தையல்) என்று எண்ணி, பழையதோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக வந்தால் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். புது நூலின் நிறம் லேசாக மாறினால் பழையது ஒரு வரிசை, புதியது ஒரு வரிசை என்று மாற்றிப் போடுங்கள். என் விரிப்பில் அந்த இடம் எனக்கே தெரியவில்லை.