சோலார் ஹீட்டர் சூடு ராத்திரியில் எங்கே போனது?

செங்கோட்டை வீட்டு மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். சாயங்காலம் கை வைக்க முடியாத சூடு, விடிந்தால் வெதுவெதுப்பு. மாட்டிக்கொடுத்த கான்ட்ராக்டர், "சாரல் காலம், அப்படித்தான் சார்" என்றார். வெயில் வந்தும் அதே கதை. பிறகு 2 கிலோவாட் கரன்ட் ஹீட்டர் காயில் போடச் சொன்னார், தனிக் காசுக்கு. வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி டியூப்களில் இரண்டை மாற்றியும் பார்த்தார். வீண் வேலை. டியூப் நுனியின் வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாக மாறினால்தான் உள்ளே வெற்றிடம் போயிற்று என்று அர்த்தம். இவற்றில் பளபளப்பு அப்படியே இருந்தது.

ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கித் தொட்டதில் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் வெதுவெதுப்பு! வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் பாத்ரூம் மிக்சரின் இரண்டு திருகும் திறந்திருந்து, ஹேண்ட் ஷவர் நுனி மட்டும் மூடியிருந்தால், பச்சைத்தண்ணீர் லைனில் எங்கே குழாய் திறந்தாலும் வெந்நீர் மிக்சர் வழியாக அங்கே பாய்ந்துவிடும். தடுக்க, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வே போடவில்லை.

உறுதி செய்வது எளிது: ராத்திரி வெந்நீர் அவுட்லெட் கேட் வால்வை மூடி, காலையில் திறங்கள். சூடாக வந்தால் சோலார் டேங்கிலும் டியூபிலும் குறையில்லை.

இந்தச் சோதனையையும், கம்பெனி கையேட்டில் வால்வு காட்டிய படத்தையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பினேன். வேலை முடிந்தால்தான் பாக்கிப் பணம் என்றும் சொன்னேன். மறுபேச்சில்லை, வந்தார்.

மிக்சருக்குப் போகும் இரண்டு லைனிலும் என்.ஆர்.வி., அம்புக்குறி மிக்சரைப் பார்த்து. டேங்க் 10 அடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் சுமார் 0.3 பார்தான், கடினமான ஸ்பிரிங் வகை சரியாகத் திறக்காது. பித்தளை ஸ்விங் வகையைப் படுக்கைவாட்டில் போடச் சொல்லுங்கள். மாடியில் காற்றும் ஆவியும் வெளியேறும் ஏர் வென்ட் குழாயை மட்டும் யாரும் அடைக்க விடாதீர்கள்.