இரண்டு விரல் தூக்கிய கூரை

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கூரையைக் கழற்றிவிட்டு ஜீப் ஓட்டுவது தனிச் சுகம். கவிழ்ந்தால் தலைக்கு மேல் ஒன்றுமில்லை என்பதுதான் உறுத்தல். சேலத்துப் பட்டறை ஒன்றில் இரும்புக் குழாய்க் கூண்டு கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கூரையை மாட்டினால், பின்பக்கம் இரண்டு விரல் தூக்கி நின்றது. கூரையை வைத்து அளக்காமலே குழாயை வளைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் இன்னொரு கூத்து: கூண்டின் கால்கள் வெறும் தரைத் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருந்தன. வண்டி உருண்டால் குழாய் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

கால்களை அறுத்துக் குட்டையாக்கினேன். தரைக்கு மேலும் கீழும் உள்ளங்கை அகலத் தடித்த தகடு வைத்து, நான்கு போல்ட் போட்டு முறுக்கினேன். தலைக்கருகே வரும் குழாய்க்குக் கெட்டியான நுரை உறை. ஹெல்மெட் போடாத தலைக்கு வெறும் குழாய் எமன். கூரை இப்போது ஒழுங்காக உட்காருகிறது. மழையில் இடது மூலை மட்டும் சொட்டுகிறது.